பெல்தானியின் உறை

எங்கள் சிப்பார் நகரத்தில் கோடை வந்துவிட்டால் களிமண் கையில் இருக்கும்போதே காய்ந்துவிடும். எழுத்தர் தொழிலில் பாதிக் கஷ்டம் அதுதான்.

பத்திரத்தை இரண்டு தடவை எழுதுவது எங்கள் வழக்கம். உள்ளே ஒரு களிமண் பலகை. அதை மூடி மெல்லிய மண் உறை. உறையின்மேலும் அதே வாசகம், ஈரமண்ணில் உருட்டிப் பதித்த உருளை முத்திரைகள். தகராறு வந்தால் நீதிபதிகள் உறையை உடைப்பார்கள். உள்ளே இருப்பதுதான் செல்லும். பேசுவது என்னவோ எல்லாரும் அக்காத் மொழிதான்; ஆனால் அதை எழுதுகிற ஆப்பெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஊரில் பத்துப் பேர் இருந்தால் அதிகம். கூடைக்கு அடியில் சொத்தையும் மேலே பெரிய பழமும் அடுக்குகிற தெருவில் வளர்ந்தவன் நான். உறையில் மட்டும் எழுதினேன். உள்ளே வெறும் பலகை. வேலை பாதியாகக் குறைந்தது.

லமாஸ்ஸிக் கிழவி தன் அடிமை பெல்தானிக்கு விடுதலை எழுதச் சொன்னபோதும் அப்படித்தான் செய்தேன். “நான் கண்ண மூடுற வரைக்கும் பாத்துக்கடி. அப்புறம் உன் பாட்டுக்குப் போ” என்றாள். பெல்தானி ஒன்பது வருஷம் மலமூத்திரம் அள்ளினாள். சாட்சிகள் இருவரும் கிழவிக்கு முன்பே போய்ச் சேர்ந்தார்கள்.

கிழவியைப் புதைத்த கையோடு மருமகன் நூர்-இலி வழக்குப் போட்டான். “அத்தை முத்திரையத் திருடி உருட்டியிருக்கா, கழுதை.”

“உடைங்கய்யா” என்றாள் பெல்தானி. “எழுதினவரே இங்கதானே நிக்கிறாரு.”

உடைத்தார்கள். நீதிபதி வெறும் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது உன் வேலையாடா?”

“உறை எழுத்து என் கை மாதிரியே இருக்குங்க. ஆனா என்னுது இல்ல.”

“ஐயா, நீங்க இத எழுதின அன்னிக்கு உங்களுக்குப் பீர் ஊத்திக் குடுத்ததே நான்தானே. ரெண்டாவது குவளையும் கேட்டீங்களே.”

கேட்டேன்தான். நல்ல பீர்.

எஜமானை மறுத்த அடிமைக்கு உரிய தண்டனையாகப் பெல்தானியின் காதை அறுத்து, அவளை நூர்-இலி வீட்டுக்கு அடிமையாக அனுப்பினார்கள். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வெயில் கண்ணில் அடித்தது.

நான் எழுதிய உறைகள் ஊரில் நூற்றுக்கு மேல் இருக்கும். தத்துப் பிள்ளைகள், வீடு வாங்கியவர்கள், விடுதலையானவர்கள், எல்லாரும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். ஒருத்தி காதுக்காக அத்தனை பேரை எழுப்புவது எந்த ஊர் நியாயம்?

நேற்று ஒருவன் தன் அடிமைப் பெண்ணுக்கு விடுதலை எழுத வந்தான். உள்ளேயும் எழுதிவிடலாம் என்றுதான் நாணல் எழுத்தாணியை எடுத்தேன். சாதுவான பெண். அவளோடு யார் வழக்காடப் போகிறார்கள்? வெறும் பலகையை வைத்து மூடினேன். உறையில் எழுத்து அழகாக வந்திருந்தது. அவள் என் அங்கியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, “நீங்க நல்லா இருக்கணும்யா” என்றாள்.

நன்றாகத்தான் இருக்கிறேன்.