ஒன்பதாம் படி மந்திரம், லிஃப்டுக்குள்ளிருந்து

ஹலோ… ஹலோ, சம்பந்தி! கேக்குதா? … ஆமா, ஆமா, இன்னும் லிஃப்டுக்குள்ளதான். ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல தொங்கிட்டிருக்கேன்… மெக்கானிக்கா? பேசிட்டேன், கிளம்பிட்டானாம். அவன் வர்றதுக்குள்ள எனக்குத் தாடி முட்டி வரைக்கும் வளர்ந்துடும்… இருபது நிமிஷம்தானா? அது உங்க கடிகாரத்துல. இங்க மூணு நாளாச்சு. மூச்சு விட்டா எதிர்ச்சுவர்ல மோதி எனக்கே திரும்பி வருது…

என்னது, நம்ம பகடைக் கதை ஆட்டத்தை நிறுத்தலையா? … என் முறையா? ஏன் சம்பந்தி, உங்களுக்கெல்லாம் பிஸ்கட் வாங்கத்தானே கீழ போனேன்… ரிட்டயர் ஆகியும் ஹெட்மாஸ்டர் புத்தி போகல பாருங்க! … சரி, சரி, விதின்னா விதி. முறை வந்து ஆடலேன்னா என் மந்திரவாதி செத்தான்… பகடை என் சட்டைப் பையிலதான் இருக்கு. இருபது முகமும் பத்திரம்.

மேஜை மேல குகையில நிலைமை என்ன? … தண்ணி கழுத்துக்கு வந்தாச்சா? போன முறை இடுப்புலதானே இருந்துச்சு! … அது சரி. அங்கயும் அடைப்பு, இங்கயும் அடைப்பு.

இருங்க, விதியை நானே ஒப்பிக்கறேன், தப்புன்னா பிரம்பை எடுங்க. பத்தோட மந்திரத்தோட படியைக் கூட்டணும். அந்த எண்ணோ அதுக்கு மேலயோ விழுந்தா மந்திரம் பலிக்கும்… ஆமா. ரெண்டாம் படின்னா பன்னெண்டு போதும், சுவர்ல ஒரு ஆள் நுழையற ஓட்டை. அந்த ஒரு ஆள் நான்தான்… ஒன்பதாம் படின்னா பாறையே பிளக்கும், மூணு பேரும் வெளிய. ஆனா பத்தொன்பது விழணும்… விழலேன்னா? … நான் கல்லா? நிரந்தரமாவா? மூணு வருஷமா வளர்த்த மந்திரவாதி சம்பந்தி! என் பொண்ணுக்கு மாப்பிள்ளை தேடினப்பகூட இவ்வளவு பாடுபடல… ஐயோ, உங்க பையனைச் சொல்லல, கோச்சுக்காதீங்க…

யார் அது பின்னாடி? என் சம்சாரமா? … நான் தனியாத் தப்பிச்சு ஓடிடுவேனாமா? ஏம்மா, உன் வாள்வீராங்கனையையும் சம்பந்தியம்மாவோட வைத்தியச்சியையும் தண்ணியில விட்டுட்டு நான் எங்க போவேன்? வீட்டுக்குள்ள விடுவியா நீ?

ஒன்பதாம் படி! எழுதிக்கோங்க… ஆமா, ஒன்பதுதான்… யோசிச்சாச்சு! உருட்டறேன்… ஓடுது… மூலையில போய் நின்னுடுச்சு. இருங்க, குனியணும்…

சம்பந்தி… பத்தொன்பது… பத்தொன்பது! … சத்தியமா! … சாட்சியா? இங்க யாரைக் கூப்பிடறது, லிஃப்டுப் பொத்தானையா? … இது பட்டன் போன், இதுல படத்துக்கு எங்க போவேன்? … என்னை நாய் துரத்துச்சுன்னு அன்னிக்குச் சொன்ன கதை வேற. அதுல நாயோட உயரம் கொஞ்சம் கூடிப்போச்சு, ஒத்துக்கறேன்… செல்லாதா? அப்போ கல்லா? சம்பந்தி, வேண்டாம்…

இருங்க, அவ ஏதோ சொல்றா… சத்தமாச் சொல்லும்மா… ஆமா… நான் பொய் சொல்லியிருந்தா பத்தொன்பதுல நின்னிருக்க மாட்டேனாமா? … இருபத்தஞ்சு விழுந்துச்சு, பகடையிலேர்ந்து புகை வந்துச்சுன்னு சொல்லியிருப்பேனாமா! … முப்பத்தெட்டு வருஷத்துல நான் ஒரு விஷயத்தை உள்ளபடி சொல்லி இன்னிக்குத்தான் கேக்கறாளாம்… சிரிக்காதீங்க சம்பந்தி, தீர்ப்பைச் சொல்லுங்க…

செல்லுமா? பாறை பிளந்துச்சா? … மூணு பேரும் வெளிய வந்தாச்சா? அப்பாடா! … புல்வெளியா? வெயிலா?

…இல்ல, இங்க ஒண்ணும் பிளக்கல. மெக்கானிக்கையும் காணோம். இப்ப விளக்கும் அணைஞ்சுடுச்சு… நிஜமாத்தான், கூட்டிச் சொல்லல. போனை அவகிட்ட குடுங்க…

ஏம்மா… அவன் வர்ற வரைக்கும் பேசிட்டே இரு. அந்தப் புல்வெளி எப்படி இருக்குன்னு சொல்லு… அவ்வளவுதானா? கொஞ்சம் கூட்டித்தான் சொல்லேன்… ம்… ம்… இன்னும் கொஞ்சம்… ஹலோ? … ஹலோ?