அப்பாவின் முதல் பத்து நொடி

கேமரா எடுக்கும் வீடியோ கிளிப் பாதியில் நின்றுவிடுகிறது என்று யாராவது போன் செய்தால், நான் முதலில் பேட்டரியைத்தான் பார்க்கச் சொல்வேன். பாதிப் பேருக்கு அதோடு பிரச்சினை தீர்ந்துவிடும். மீதிப் பேருக்கு வைஃபை. கேமராவை வெளிச்சுவரில் மாட்டிவிட்டு, ரவுட்டரை உள்ளறை அலமாரியில் துணிகளுக்கு நடுவே வைத்திருப்பார்கள். சிக்னல் எப்படிப் போகும்? ஒரு அம்மா, "எங்க வீட்டு நாய்க்குத் தலை மட்டும் வருதுப்பா, வால் வரவே மாட்டேங்குது" என்று அழாத குறையாகச் சொன்னார். நான் சிரிக்கவில்லை. பொறுமையாகப் பேசி, வாலையும் வரவழைத்துக் கொடுத்தேன். எங்கள் ஆபீசில் பொறுமை என்றால் என்னைத்தான் காட்டுவார்கள். நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

வாசல் கேமரா விற்கும் கம்பெனியில், போனில் புகார் கேட்டுச் சரிசெய்து கொடுப்பது என் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். அதனால்தான் அப்பா என்னோடு இருந்தார். அக்கா வெளிநாட்டில் இருக்கிறாள். நமக்கு விடியும்போது அவளுக்கு நடுராத்திரி. அம்மா போன பிறகு அப்பா கீழே விழுந்ததில் இடுப்பில் அடிபட்டது. அப்புறம் வாக்கர் இல்லாமல் நடக்க முடியாது. "தம்பி இருக்கான், அவன் பாத்துக்குவான்" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் பார்த்துக்கொண்டேன். சொந்தக்காரர்கள் மத்தியில் எனக்கு இருந்த நல்ல பெயரைப் பற்றி நானே சொல்வது அழகில்லை.

கேமரா அக்கா வாங்கி அனுப்பியது. "அப்பா காலைல வாசல்ல வந்து உக்காருறதைப் பாத்துட்டாப் போதும்டா, அன்னிக்குப் பூரா எனக்கு நிம்மதி" என்றாள். நான்தான் மாட்டினேன். யாராவது அசைந்தால் அது விழித்துப் படம் பிடிக்கும். அவள் எழுந்ததும் போனில் பார்ப்பாள்.

அப்பா அதைப் பார்த்துப் பேச ஆரம்பிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தினமும் காலையில் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, அண்ணாந்து கேமராவைப் பார்த்து, "பாப்பா, நல்லா இருக்கியாம்மா?" என்பார். அக்காவுக்குத் தலை நரைத்துவிட்டது. ஆனாலும் பாப்பாதான். அப்பா தபால் ஆபீசில் வேலை பார்த்தவர். அவர் பேசுவதும் கடிதம் எழுதுவது போலத்தான் இருக்கும். முதலில் நலம், நலமறிய ஆவல். பிறகு மாப்பிள்ளை, பேரப்பிள்ளைகள், வெயில், தொட்டிச் செடியில் வந்த மொட்டு. விஷயம் கடைசியில்தான் வரும். கடை வரைக்கும் போய் வரச் சொல்வதற்குக்கூட, என் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் சொல்வார்.

இப்போது தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். அதைக் கேட்கத்தானே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

என் அழைப்புகள் எல்லாம் பதிவாகும். நடுவில் எழுந்து போனால் மதிப்பெண் குறையும். அப்பாவைப் பாத்ரூமில் உட்காரவைத்து எழுப்ப இரண்டு கையும் வேண்டும். பக்கத்து அறையிலிருந்து, "தம்பி, கொஞ்சம் வாப்பா, அவசரம்" என்று கூப்பிடுவார். நான் போவதற்குள் படுக்கை நனைந்திருக்கும். எங்கள் டீம் லீடர் ஒருநாள், "என்ன சார், உங்க வீட்டுல யாரோ கூப்பிட்டுட்டே இருக்காங்கன்னு கஸ்டமர் சொல்றாங்க?" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. கோபமும் வந்தது. ஆனால் அப்பாவிடம் நான் குரலை உயர்த்தியதே இல்லை.

என் வேலையே மூல காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான். உள்ளே போவது குறைந்தால் வெளியே வருவதும் குறையும். முதலில் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் கொடுப்பதை நிறுத்தினேன். வயதானவர்கள் உள்ள பல வீடுகளில் இதைச் செய்வார்கள். பிறகு காலையிலும் நிறுத்தினேன். கடைசியில், மதியம் என் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு டம்ளர் என்று ஆனது. அவர் அறையில் இருந்த ஜாடியை எடுத்துவிட்டேன். ஒருநாள் பாத்ரூம் குழாயில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். அந்தத் தண்ணீர் குடிக்க நல்லதில்லை. குழாயின் திருகைக் கழற்றி வைத்தேன். வாசல் குழாய்க்கும் அப்படியே செய்தேன்.

பலன் உடனே தெரிந்தது. படுக்கை காய்ந்தே இருந்தது. கூப்பிடுவதும் குறைந்தது. அந்த மாதம் ஆபீசில் எனக்குப் பாராட்டு வந்தது.

நான் மட்டும் தண்ணீர் குடித்தேனா என்று கேட்டீர்கள். குடித்தேன். என் வேலை தொண்டையை நம்பிய வேலை. மேஜைக்குப் பக்கத்திலேயே தண்ணீர் கேன். டம்ளரில் பிடிக்கும்போது கேனுக்குள் குமிழி ஏறுகிற சத்தம் வரும். அது அப்பாவின் அறைக்குக் கேட்டிருக்கும் என்று பிறகுதான் தோன்றியது. கேனை வேறு இடத்தில் வைக்க வசதியில்லை.

ஒருநாள் காலையில் கதவுக்குப் பின்னால் நின்றபோது அப்பா பேசுவது காதில் விழுந்தது. நலம் முடிந்தது, வெயில் முடிந்தது, செடியும் முடிந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "பாப்பா, ஒண்ணு சொல்லணும். தம்பி பாவம், அவனுக்கு வேலை ஜாஸ்தி. எனக்குத் தண்ணி பத்தலைம்மா. நாக்கு ஒட்டிக்குது. நான் சொன்னேன்னு சொல்லாம, நீயா சொல்ற மாதிரி அவன்கிட்ட சொல்லேன்" என்றார்.

அன்றைய கிளிப்பை அக்கா எழுவதற்குள் அழித்தேன். ஆனால் தினமும் அழிப்பது சரியல்ல, சந்தேகம் வரும். கிளிப்பின் நீளத்தைக் குறைப்பது வெறும் செட்டிங். ஒரு நிமிடமாக இருந்ததைப் பத்து நொடி ஆக்கினேன். ஒரு கிளிப் முடிந்ததும் கேமரா ஓய்வெடுக்கிற இடைவெளியை இருப்பதிலேயே அதிகமாக வைத்தேன். பத்து நொடியில் அப்பா மாப்பிள்ளையைக்கூடத் தாண்டமாட்டார்.

அக்காவோடு போனில் பேசும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடுவேன். அவருக்குக் கை நடுங்கும், போனைப் பிடிக்க முடியாது. மகனை வைத்துக்கொண்டே மகனைக் குறை சொல்லும் ஆள் அல்ல அப்பா. அக்கம்பக்கத்தில் வீட்டு விஷயம் பேசுகிறவரும் அல்ல. அப்படி ஸ்பீக்கரில் பேசும்போது ஒருநாள் அக்கா சத்தம் போட்டாள்.

"டேய், அப்பா ஏதோ சொல்ல வர்றாரு, அதுக்குள்ள கிளிப் நின்னுடுது. ஊருக்கெல்லாம் சரிபண்ணிக் குடுக்கிறே, நம்ம வீட்டுக் கேமராவைப் பாக்க மாட்டியா?"

"பேட்டரிக்கா. வெயில்ல சூடாகுது. பாக்குறேன்."

போனை வைத்ததும் அப்பா என்னைப் பார்த்தார். "அப்ப நான் பேசுறது முழுசாப் போகலையாப்பா?"

"இல்லப்பா. நலம் விசாரிக்கிறது மட்டும்தான் போகுது" என்றேன். அவரிடம் நான் பொய் சொல்லவில்லை.

"சரிப்பா" என்றார்.

மறுநாள் காலையில் வாசலில் கால் வைத்ததுமே, உட்காரக்கூட இல்லை, வாக்கரைப் பிடித்து நின்றபடி, "பாப்பா, இவன் தண்ணி தரமாட்டேங்கிறான். வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிடு" என்றார். நலம் இல்லை, வெயில் இல்லை. வாழ்நாளில் முதல் தடவையாக விஷயத்தை முதலில் சொன்னார். சொல்லி முடித்து உட்கார்ந்து, மூச்சு வாங்கி, லேசாகச் சிரித்து, பழையபடி, "நல்லா இருக்கியாம்மா?" என்றார்.

பேட்டரி கேமராவில் ஒரு குறை உண்டு. தூக்கத்திலிருந்து அது எழுவதற்குச் சில நொடி பிடிக்கும். ஆரம்பமே வரவில்லை என்று தினமும் யாராவது புகார் சொல்வார்கள். அன்றைக்கும் அது தாமதமாகத்தான் எழுந்தது. அப்பா உட்காருவதில் ஆரம்பித்து, சிரித்து, நலம் கேட்பதோடு கிளிப் முடிந்திருந்தது. நான் எதையும் தொடவில்லை. கேமராவே அப்படி எடுத்தது. அதைப் பார்த்தபோது, நான் பெரிதாக ஒன்றும் தப்பு செய்யவில்லை என்று எனக்கு ஒரு ஆறுதல்.

அக்கா எழுந்ததும், "இன்னிக்கு அப்பா முகத்துல சிரிப்பைப் பாத்தேன்" என்று செய்தி அனுப்பினாள். அப்பாவிடம், "அக்கா பாத்துட்டாப்பா" என்றேன். அவர் பெட்டியிலிருந்து நல்ல சட்டையை எடுத்துத் தரச் சொல்லிப் போட்டுக்கொண்டார். கேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மறுநாளும் அதே சட்டை. மூன்றாம் நாளும் கழற்றவில்லை. அதற்குப் பிறகு வாசலுக்கு வரவில்லை.

அப்பா வரவில்லையே என்று அக்கா கேட்டாள். வெயில், அசதி என்றேன். கேமராதான் கோளாறு என்று நினைத்தாள். எனக்கு மேலும் தொந்தரவு தரவேண்டாம் என்று நேராக எங்கள் கம்பெனிக்கே போன் போட்டுவிட்டாள். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் எடுத்தாள். நான்தான் அவளுக்குப் பழக்கினேன். பேட்டரி, வைஃபை, நீளம் என்று நான் சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே கேட்டிருக்கிறாள். "மேடம், யாரோ பத்து நொடின்னு வெச்சிருக்காங்க" என்று சொல்லி, பழையபடி ஒரு நிமிடம் ஆக்க உதவியிருக்கிறாள். நல்ல பெண். மேலே வருவாள்.

மறுநாள் காலையில் தண்ணீர் கேன் போடுகிறவர் வந்தார். அந்தக் கிளிப்பை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். கேனை இறக்கிவிட்டு, "உள்ள யாரோ கூப்பிடுறாங்க சார்" என்கிறார். "டிவிப்பா" என்கிறேன். அவர் போகிறார், கதவு மூடுகிறது. பத்து நொடி என்றால் அங்கேயே முடிந்திருக்கும். அதற்கப்புறம் ஆள் யாரும் இல்லை, மூடிய கதவு மட்டும்தான். உள்ளேயிருந்து அப்பாவின் குரல். "யாருப்பா அது? கொஞ்சம் தண்ணி."

அக்கா எழுந்து அதைப் பார்த்து, உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்து, நீங்கள் வரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. கதவைத் திறக்க நான் தாமதித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு வாடிக்கையாளர் பேசிக்கொண்டிருந்தார். பாதியில் வைப்பது முறையல்ல. அப்பா மதியமே அடங்கிவிட்டார். எனக்குத் தெரியும். படுக்கை சுத்தமாக இருந்ததை நீங்களே பார்த்தீர்கள்.

தண்ணீரை நிறுத்தியவன் நான்தான். நீளத்தைக் குறைத்தவனும் நான்தான். போகப்போக என்ன ஆகும் என்று தெரிந்தேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் விமானம் ஏறி வந்த அக்கா வெளியே உட்கார்ந்து, அப்பா சொன்னதைக் கேட்க ஒருத்தரும் இல்லாமல் போய்விட்டதே என்று அழுகிறாளாம். அது தப்பு, சார். அவளிடம் சொல்லுங்கள். தினமும் காலையில் கதவுக்குப் பின்னால் நின்று, நலத்திலிருந்து கடைசி வார்த்தை வரை நான் கேட்டேன். ஒருநாள்கூடப் பாதியில் விட்டதில்லை.