வெதுவெதுப்பான தண்ணீர்

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மாவுக்கு,

பரிசோதனைக்காக நீங்கள் கேட்டு வாங்கிய டிரம்பெட் பத்திரமாக வந்து சேர்ந்தது. பழைய போர்வையில் சுற்றி அனுப்பியிருந்தீர்கள். ஒரு கீறல்கூட இல்லை. கூடவே என் தம்பி மனைவி ஸ்தானாவுக்கு நீங்கள் எழுதிய கடிதமும் வந்தது. அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும் என்பதால் நான்தான் வாசித்துக் காட்டினேன். கருவியின் உள்ளே பூஞ்சணமோ அழுக்கோ துளியும் இல்லை, இவ்வளவு சுத்தமாக வைத்திருந்த கருவியை எங்கள் ஆஸ்பத்திரியில் யாரும் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பாராட்டு எனக்குச் சேர வேண்டியது. கழுவியவன் நான்.

எப்படிக் கழுவுவது என்று பலருக்குத் தெரியாது. கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் மேல்பூச்சு உரிந்துவிடும்; வெதுவெதுப்பான தண்ணீர் போதும். பாத்திரம் கழுவுகிற சோப்பு இரண்டு சொட்டு. முதலில் மூன்று வால்வுகளையும் கழற்றி, வரிசை மாறாமல் துணியில் வைக்க வேண்டும். பிறகு இழுகுழாய்களை ஒவ்வொன்றாக உருவ வேண்டும். நீளக் கம்பிப் பிரஷை வளைவுக்குள் மெதுவாகத் தள்ளி இழுத்தால் எச்சிலும் எண்ணெயும் கலந்த கசடு வரும். தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசி, உலர்த்தி, இழுகுழாய்க்கு வாஸ்லின், வால்வுக்கு எண்ணெய். மொத்தம் ஒரு மணி நேரம். வெளியே பாலிஷ் போடுவதற்கு அதில் கால்வாசி நேரம்கூட ஆகாது.

அது முதலில் என்னுடைய டிரம்பெட். குழுவும் என்னுடையதுதான். பெரிய மேளத்தின் தோலில் 'ரதோயே குழு' என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. ஒரு வசந்த காலத்தில் டிராக்டரைக் கிளப்பும்போது கைப்பிடி திருப்பி அடித்து, மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டு போயின. கட்டுப்பல் வைத்துக்கொண்டு ரொட்டி தின்னலாம், மெதுவான பாட்டு ஒன்றிரண்டு வாசிக்கலாம். கல்யாண வீட்டில் ஆறு மணி நேரம் ஊத முடியாது. தம்பி திஹோமிர் என்னைவிடப் பதினோரு வயது சின்னவன். ஊதக் கற்றுக்கொடுத்ததும் நான்தான்.

அவன் கெட்டவன் இல்லை, டாக்டர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். குழுவில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது தயங்கித் தயங்கித்தான் கேட்டான்.

"அண்ணே, இந்த சீசன் மட்டும் நீ ரெண்டாவது டிரம்பெட் வாசிக்கிறியா? பல்லு பழகுற வரைக்கும்."

நான் சரி என்று என் டிரம்பெட்டை அவனிடம் கொடுத்தேன். அந்தச் சீசன் ஒன்பது வருடம் நீண்டது. மேளத்தின் தோலை மாற்றியபோது 'திஹோமிர் குழு' என்று எழுதினார்கள். பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். அந்த வருடம் டிரம்பெட் போட்டியில் அவன் முதல் பரிசு வாங்கினான். மேடையிலேயே மைக்கைப் பிடித்து, "இந்த டிரம்பெட் பேசுதுன்னா எங்கண்ணன் கை பட்டதாலதான். வாராவாரம் அவர்தான் கழுவித் துடைக்கிறாரு" என்று சொன்னான். ஜனங்கள் கைதட்டினார்கள். அவன் மனசார நன்றிதான் சொன்னான். எனக்கு வயிறு எரிந்தது. இறங்கி வரும்போது மேளக்காரன் ஓப்ரென் என் தோளில் கைபோட்டுக்கொண்டு, "தம்பி ஊதுறான், நீங்க துடைக்கிறீங்க. அவனுக்கு ஸ்தானா எதுக்கு, நீங்களே போதுமே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாண வீட்டுக்காரர் முதல் டிரம்பெட்டின் புனல் வாயில் செர்ரிப் பழச் சாராயத்தை ஊற்றுவார். வாசிப்பவன் அதிலிருந்தே குடிக்க வேண்டும். பாகு மாதிரி இனிக்கும் சாராயம். என்னதான் நிமிர்த்திக் குடித்தாலும் கொஞ்சம் உள்ளே இறங்கிவிடும். மறுநாளே கழுவாவிட்டால் அது குழாயில் ஒட்டிக்கொண்டு புளிக்கும். இரண்டாவது டிரம்பெட்டுக்கு யாரும் சாராயம் ஊற்றுவதில்லை.

பரிசு வாங்கிய அடுத்த வாரம் ஒரு கல்யாணம் முடிந்து வந்தோம். ஞாயிற்றுக்கிழமை எனக்கு முதுகுவலி. வெளியே மட்டும் பாலிஷ் போட்டு, பெட்டியில் வைத்துவிட்டேன். சும்மா சோம்பல்தான். அடுத்த வாரம் சத்தம் கொஞ்சம் மங்கும், நாலு பேர் முன்னால் ஒரு சுருதி பிசகும், அப்போது அருமை தெரியும் என்று ஒரு நினைப்பும் இருந்தது. அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது. ஆனால் அவன் என்றைக்கும் போலவே வாசித்தான். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அதற்கடுத்த வாரமும் நான் வெளியே மட்டும் துடைத்தேன்.

எட்டு மாதம் கழித்து இருமல் வந்தது. சனிக்கிழமை வாசிப்பான், ஞாயிறு காய்ச்சல், நெஞ்சு இறுக்கம், புதன்கிழமை எழுந்து வேலைக்குப் போவான். சிகரெட் என்றார்கள், விட்டுவிட்டான். ஒருநாள் இழுகுழாயை உருவிப் பார்த்தேன். உள்ளே சாம்பலும் பச்சையுமாக, பழைய ரொட்டியில் வருமே, அந்த மாதிரி ரோமம் பிடித்திருந்தது. அப்படியே திருப்பிச் செருகிவிட்டேன். அது மனுஷனுக்குக் கெடுதல் செய்யும் என்று எனக்குத் தெரியாது, டாக்டர். நான் நாலாவதுடன் படிப்பை விட்டவன்.

அப்புறம்தான் உங்களிடம் கூட்டிவந்தோம். வைக்கோல் இருக்கிறதா, பறவை வளர்க்கிறீர்களா என்று கேட்டீர்கள். அவனிடம் நாற்பது புறா இருந்தன. முதல் ஜோடியை ஸ்தானா கல்யாணமாகி வரும்போது கூடையில் வைத்து மடியில் சுமந்துகொண்டு வந்தாள். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. உடனே அப்புறப்படுத்துங்கள் என்று சொன்னீர்கள். வீட்டுக்கு வந்ததும் திஹோமிர் கூண்டுக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றான்.

"அண்ணே, என்னால ஆகாது. நீ பாத்துக்க. எங்கயாவது தூரமா கொண்டுபோய் விட்டுரு."

புறாவை எவ்வளவு தூரத்தில் விட்டாலும் திரும்பி வந்துவிடும். அதனால் மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் ஒவ்வொன்றாகக் கழுத்தைத் திருகினேன். நாற்பதுக்கும் அரை மணி நேரம் ஆனது. ஒரு பண்ணைக்காரரிடம் கொடுத்துவிட்டதாக அவனிடம் சொன்னேன். அந்த அரை மணி நேரமும் என் நினைப்பெல்லாம் இழுகுழாய்க்குள் பார்த்த ரோமத்தில்தான் இருந்தது. அதை உங்களுக்குச் சொல்லாமல் விடக்கூடாது என்று தோன்றுகிறது.

புறா போயும் இருமல் போகவில்லை. நீங்கள் அவனை மலை ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம் வைத்துக்கொண்டீர்கள். டிரம்பெட் வீட்டில் இருந்தது. தேறி, கன்னம் பூரித்துத் திரும்பி வந்தான். "அத்தான், அங்க அவரு நல்லா இருந்தாரு, இந்த வீட்டுக் காத்துலதான் ஏதோ இருக்கு" என்றாள் ஸ்தானா. வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்தோம். நானும் ஏணியில் ஏறி அடித்தேன். மூன்று கல்யாணம் வாசித்தான், மறுபடி படுத்தான்.

அதற்குப் பிறகு உங்களிடம் வந்தபோது நீங்கள் கேட்டது உங்களுக்கு நினைவிருக்கிறதா? அவன் டிரம்பெட்டையும் எடுத்து வந்திருந்தான். நீங்கள் அதைக் கையில் வாங்கிப் பார்த்தீர்கள். உங்கள் முகம் அதில் தெரிந்தது.

"இத யாரு சுத்தம் பண்றது?"

"எங்கண்ணன்தான். பளபளப்ப பாருங்க டாக்டர்," என்றான் அவன், பெருமையாக.

நீங்கள் என்னைப் பார்த்து, "உள்ளயும் கழுவுறீங்களா?" என்றீர்கள்.

"வாராவாரம்," என்றேன்.

ஒரு வார்த்தைதான். வெளியே வேறு நோயாளிகள் காத்திருந்தார்கள், நீங்களும் அவசரத்தில் இருந்தீர்கள். நீங்கள் தலையாட்டிவிட்டு வேறு மாத்திரை எழுதினீர்கள். பஸ்ஸில் திரும்பும்போது அவன் என் தோளில் சாய்ந்து தூங்கினான். அந்தப் பயணம் முழுக்க நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அவனை எழுப்பிச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தேன். சொன்னால், அதுவரை நடந்த எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். அன்று ராத்திரியே கழுவியிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதையும் நான் செய்யவில்லை. இன்றுவரை அதற்கு என்னிடம் காரணம் இல்லை. பெயர் அழிந்த மேளம் ஒன்றுக்காக ஒருவன் இதைச் செய்வானா என்று நானே என்னைக் கேட்டுக்கொள்கிறேன். செய்திருக்கிறான்.

அவன் அடிக்கடி டிரம்பெட்டை என்னிடம் நீட்டுவான். "ஒரு தடவ ஊதிப் பாரேண்ணே. உன்னோடதுதானே." நான் வாங்கவே மாட்டேன். "இப்ப அது உன் வாய்க்குப் பழகிடுச்சுடா" என்று சொல்லித் துணியால் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். முதல் டிரம்பெட்டுக்கு நான் கொடுத்த மரியாதை என்றுதான் குழுவில் எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் போய்விட்டான். நாற்பத்தொரு வயது. கடைசி வாரம் மூச்சு வாங்கிக்கொண்டே டிரம்பெட்டைப் போர்வைக்கு மேல் வைத்துத் தடவிக்கொண்டிருந்தான். "இத என்கூடப் பொதச்சிராத. நீ வாசி. குழியோரமா அந்த மெதுவான பாட்ட வாசி, உனக்கு வருமே" என்றான். வாசித்தேன்.

இப்போது ஸ்தானாவைப் பற்றி. உங்கள் கடிதத்தில் கருவி காரணம் இல்லை, எனவே புறாக்கூட்டுத் தூசிதான் அவர் நுரையீரலைக் கெடுத்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நான் வாசித்து முடித்ததும் அவள் எழுந்தாள். கோடாலியை எடுத்துக்கொண்டு போய் வெறுங்கூண்டை வெட்டி அடுப்பில் போட்டாள். அப்புறம் வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"நான்தான் கொண்டுவந்தேன் அத்தான். மடியில வச்சு கொண்டுவந்தேன். எங்கம்மா வேணாம்னு சொன்னா."

இப்போது சனிக்கிழமைதோறும் கல்லறையில் மண்டியிட்டு அவனிடம் மன்னிப்புக் கேட்கிறாள். இறந்தவர் நினைவாக வேகவைக்கும் கோதுமையை எல்லோருக்கும் கொடுக்கிறாள், தான் ஒரு வாய் தொடுவதில்லை. ஆள் பாதியாகிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு மட்டும் சூப் கொண்டுவருகிறாள். அத்தான் தனியாக இருக்கிறார், சாப்பிட்டாரோ என்னவோ என்று. அந்தச் சூப் எனக்கு உள்ளே இறங்குவதில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். அவளுக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். புறாக்கள் மேல் தப்பில்லை, பரிசோதனையில் பிசகு நேர்ந்துவிட்டது, காரணம் தெரியவில்லை என்று எழுதினால் போதும். என் பெயர் வேண்டாம். வாசித்துக் காட்டப்போவது நான்தானே.

கடைசியாக, உங்கள் பதிவேட்டுக்காக ஒன்று கேட்டிருந்தீர்கள்: இந்தக் கருவி கடைசியாக எப்போது கழுவப்பட்டது என்று. பிப்ரவரி பதினேழாம் தேதி காலை. அதற்கு முன்னால் இரண்டரை வருடம் கழுவப்படவில்லை.

அன்று காலை தம்பியின் உடலைக் குளிப்பாட்டக் காய்ச்சிய தண்ணீர் பாதி அண்டா மீதியிருந்தது. கை பொறுக்கும் சூட்டில் இருந்தது. பின்கட்டில் தொட்டியை வைத்து, வால்வுகளைக் கழற்றி, இழுகுழாய்களை உருவினேன். முதல் தண்ணீர் கறுப்பாக வந்தது. இரண்டாவதில் பச்சைக் கட்டிகள் வந்தன. பிரஷைப் போட்டு இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. வாயிலும் மூக்கிலும் கைக்குட்டை கட்டியிருந்தேன். ஏழு தண்ணீர் மாற்றினேன். ஊதுவாயை மட்டும் தனியாக அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டேன். கோதுமை வேகவைத்துக்கொண்டிருந்த பெண்களிடம் ஸ்தானா என்னைக் காட்டி, "தம்பிக்காக எப்படிப் பாத்துப் பாத்துக் கழுவுறாரு பாருங்க" என்று அழுதாள்.

டாக்டர், மேலே நான் எழுதியதில் இரண்டை அடித்துவிடுங்கள். என் பெயர் வேண்டாம் என்றதையும், அந்தப் பூஞ்சணம் கெடுதல் செய்யும் என்று எனக்குத் தெரியாது என்றதையும். பிறகு இந்தக் கடிதத்தை ஸ்தானாவுக்கு வேறு யாரையாவது வைத்து வாசித்துக் காட்டுங்கள். அன்று நான் ஏன் அப்படிப் பாத்துப் பாத்துக் கழுவினேன் என்று அவளுக்குத் தெரியட்டும். அன்று மதியம் குழியோரத்தில் அந்த டிரம்பெட்டை வாயில் வைக்கப்போவது நான்.

இப்படிக்கு,
ரதோயே