பேர் எழுதாத பாட்டில்கள்

– இன்னுங் கொஞ்ச நேரம் போர்வைக்குள்ளயே இருங்க. மூச்சை நல்லா இழுங்க.

– போதும் சாஜிதா, மொகமே வெந்துபோச்சு. நொச்சி போட்டியா, இல்ல வெறும் சுடுதண்ணியா?

– நொச்சி, கற்பூரவல்லி, மஞ்சள் எல்லாந்தான் கெடக்குது. ஊடே மணக்குது. உங்களுக்கு ஒண்ணுமே தெரியலைங்களா?

– தெரியலையே.

– நேத்து மஞ்சளைச் சுட்டுப் புகை காட்டினேன். அதுக்கு முன்னாடி சுக்குக் கஷாயம். டாக்டர் குடுத்த மாத்திரையில தும்மல் நின்னுது, வாசம் மட்டும் திரும்பலை. எனக்கே அலுத்துப்போச்சுங்க.

– எனக்கு மட்டும் அலுக்கலையாக்கும்?

– ரைஹான் மறுபடி போன் பண்ணினான். ‘அத்தாவுக்கு மூக்குச் செரியாகலைன்னா அத்தர் கடையை மொபைல்காரங்களுக்கு வாடகைக்கு உட்டுரலாம்மா’ங்கறான்.

– எங்கத்தா வெச்ச கடையவா? அவனுக்கு எப்படி வாய் வந்துது?

– அவன் மேல எதுக்குக் கோவிக்கறீங்க? யூசுப் பாய் ஊட்டு நிக்காவுக்கு ரோஜா கேட்டாங்க. நீங்க மகிழம்பூவை ஊத்திக் குடுத்துபோட்டீங்க. பாட்டில்ல பேர் எழுதி ஒட்டுங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்?

– மூக்கு இருக்கறவனுக்குப் பேரெதுக்குன்னு இருந்துட்டேன் அம்மணி.

– செரி, இந்தாங்க பஞ்சு. நேத்து மாதிரியே கண்ணை மூடிட்டு மோந்து பார்த்துச் சொல்லுங்க.

– ம்... இரு... வருது சாஜிதா! மல்லி! மல்லி அத்தர்தானே?

– நெசமாலுமா?

– நல்லாவே வருது. நாளைக்குக் கடையத் தொறந்துரலாம். நீயும் இந்த அடுப்படியில கெடந்து வேக வேண்டாம்.

– ஏனுங்க... அது வெறும் பஞ்சுங்க. இன்னைக்கு நான் எதையும் தொட்டு வெக்கலை.

– அடிப்பாவி! என்னையவே சோதிக்கறியா?

– நேத்து சந்தனத்தை ரோஜான்னு அடிச்சுச் சொன்னீங்களே, அப்பவே சந்தேகம். எதுக்குங்க எங்கிட்டப் பொய்யி?

– தெனமும் தழை பறிச்சு, சட்டி தூக்கி, உங்கையப் பாரு, எப்படிச் செவந்து கெடக்குதுன்னு. என்னால பார்க்க முடியலை. போதும் சாஜிதா. ரைஹான்கிட்டச் சொல்லிரு, கடையை உட்டுரலாம்னு.

– உடறதுக்கு இல்லைங்க. சாவியை எடுத்து வெய்யுங்க, நாளைக்கு நானும் வாரேன். கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து உங்க சட்டையத் துவைக்கறவளுக்கு எந்த பாட்டில்ல என்ன இருக்குதுன்னு மோந்து பார்த்துச் சொல்லத் தெரியாதுங்களா?