கண்ணால பாத்தாத்தான் செல்லும்

பேசுனனா? நானா? நான் பேசவே இல்லை அம்மிணி! ரெண்டு வார்த்தை பாராட்டிச் சொன்னேன், அவ்வளவுதான். அதுக்குப் போயி, ஒரு ரிட்டயர்டு டீச்சரை, மூட்டு வலிக்காரிய, இப்படி எஸ்டேட் பஸ் ஸ்டாப்புல கேஸ் சிலிண்டராட்டம் எறக்கி வெச்சுப்போட்டு ஜீப்ப ஓட்டிட்டுப் போறாங்கன்னா... நீயே சொல்லு. இல்லை, இரு, இப்பச் சொல்லாத. முழுசாக் கேட்டுப்போட்டுச் சொல்லு.

நீ உக்காரு, உக்காரு. ஊட்டி பஸ்ஸுதானே? அது கூடலூர்ல இருந்து மூச்சு வாங்கிட்டு ஏறி வரோணும், நேரமாகும். நானு இப்படி உனக்கு எதுத்தாப்புல நின்னுக்கறேன். சர்வீஸ் பூரா நின்னே பேசிப் பழகிப்போச்சு. உக்காந்தா எனக்குப் பேச்சு வராது. உனக்கும் நல்லதுதான், எனக்குப் பின்னாடி ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் தேயில, நடுவுல பெரிய பாறை... நல்ல சீனரி. பாத்துட்டே கேளு.

ஞானசுந்தரி டீச்சர்னா கூடலூர்ல எல்லாருக்கும் தெரியும். கூடலூர் இயற்கை மன்றம் ஆரம்பிச்சதே நாந்தான். மன்றம்னா பெருசா ஒண்ணும் இல்லை, நாலு பேரு. ஜீப்பு தினகரனுது, ஹார்டுவேர் கடை வெச்சிருக்கான். கேமராக்காரன் ஷிஜோ. அப்புறம் இந்துமதின்னு ஒரு நர்ஸ் புள்ள, இப்பத்தான் சேந்துச்சு. லீவு கெடைச்சா காலங்காத்தால கெளம்பிருவோம். நடுவட்டம், பைக்காரா, மசினகுடி... காட்டெரும, செந்நாய், இருவாச்சி, எது கண்ணுல படுதோ அது. வேற ஆளுங்க பிரியாணி திங்க ரோட்டுல போவாங்க, நாங்க சாணியப் பாக்கப் போவோம். சிரிக்காத. சாணியப் பாத்தா அது எப்பப் போச்சுன்னு சொல்லிருவேன் நானு.

எங்க மன்றத்துக்கு ரூல் இருக்குது. ஜீப்புல ஏறுனா ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தா எறக்கி உட்டுரோணும், திரும்பி வர்றப்ப ஏத்திக்கோணும். யாரு போட்ட ரூலுங்கறியா? அது... மன்றம் போட்டது. சரி, நாந்தான் போட்டேன். போடாம என்ன பண்றது? தெப்பக்காட்டுல செந்நாய்க் கூட்டம் நடு ரோட்டுல நிக்குது, இந்த ஷிஜோ பொண்டாட்டிகிட்ட ஸ்பீக்கர்ல மீனுக்குப் புளி போடறதா கொடம்புளி போடறதான்னு பஞ்சாயத்து பண்ணிட்டிருக்கான். ஒரு செந்நாய் திரும்பிப் பாத்து, அசிங்கமா இருக்குதுன்னு போயிருச்சு. அன்னைக்கு அவனை எறக்கி உட்டேன். குரங்கு வந்து அவன் டிபன் டப்பால இருந்த புட்டைப் புடுங்கித் தின்னுதாம். அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? குரங்குக்கு ரூல் இல்லை, ஷிஜோவுக்கு இருக்குது.

இன்னைக்கு என்ன ஆச்சுன்னா... இரு, அதுக்கு முன்னாடி கருஞ்சிறுத்தையப் பத்திச் சொல்லோணும்.

நான் பாத்ததில்லை அம்மிணி. புலி பாத்தாச்சு, கரடி பாத்தாச்சு, ராஜநாகம் முட்டை மேல படுத்திருந்ததப் பாத்தாச்சு. கருஞ்சிறுத்தை மட்டும் இல்லை. ஊருல பால்காரன் பாத்திருக்கான். கோத்தகிரில ஒரு கல்யாண மண்டபத்துக்காரன் வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்துலயே பாத்தானாம், பாத்துட்டு நாய்னு நெனைச்சானாம்! அவனுக்கெல்லாம் காட்டுது. எனக்குக் காட்ட மாட்டேங்குது. வெக்கத்த உட்டுச் சொல்றேன், ராத்திரி ஜெபத்துல கூட கேட்டிருக்கேன்.

இதுல இந்தப் புள்ள இந்துமதி, சேந்து ரெண்டு மாசம் ஆகல, பாத்துட்டேன்னு வந்து நிக்குது. எப்படிப் பாத்தே புள்ளைன்னு கேட்டா, கேமராவுக்குப் பின்னாடி இருக்கற சின்னத் திரைல பாத்துதாம். நிமுந்து பாக்கறதுக்குள்ள போயிருச்சாம். செல்லாதுன்னுட்டேன். கண்ணால பாத்தாத்தான் செல்லும். போட்டோ செல்லாது, திரை செல்லாது, சத்தம் கேட்டது செல்லாது. கேமராதான் பாத்துச்சு, நீ பாக்கலைன்னுட்டேன். அழுதுச்சு. அழுதா? ரூல் ரூல்தான்.

பொறாமையா? யாருக்கு? எனக்கா? நீ ஒண்ணும் சொல்லலையா... சரி, சரி. மொகத்தப் பாத்தாச் சொல்ற மாதிரி இருந்துச்சு.

இன்னைக்குக் கதைக்கு வர்றேன். இங்க இருந்து ஒரு வளைவு கீழ, சோலைக்குள்ள கடமான் கத்துச்சு. ஒரே ஒரு தடவை. கடமான் கத்துனா என்ன அர்த்தம், சொல்லு பாப்போம்? தெரியாதா? சிறுத்தையோ புலியோ பக்கத்துல இருக்குதுன்னு அர்த்தம். மானு கத்தும், கருங்குரங்கு கத்தும், அதுகதான் காட்டுல நமக்குத் தகவல் சொல்றது. கத்துனா ஒடனே வாய மூடிட்டுத் திரும்பிப் பாக்கோணும். இதை நான் எத்தனை புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன்!

தினகரன் வண்டிய நிறுத்திட்டான். ஒருத்தரும் மூச்சு உடல. பனி லேசா வெலகுது. அப்படி ஒரு அமைதி! இத்தனை வருஷத்துல எங்க ஜீப்புல அப்படி ஒரு அமைதி இருந்ததே இல்லை. மனசு நெறைஞ்சு போச்சு. டீச்சருக்குப் பாராட்டத் தோணாதா? "பாத்தீங்களா, எல்லாரும் இப்படி அமைதியா இருந்தா எவ்வளவு நல்லா இருக்குது"ன்னு சொன்னேன். கொஞ்சம் எடுத்துத்தான் சொன்னேன், பின்னாடி சீட்டுக்குக் கேக்கோணுமே.

சோலைக்குள்ள ஏதோ சரசரன்னு ஓடிருச்சு. மூணு பேரும் என்னையப் பாத்தாங்க. இந்த ஸ்டாப்பு வந்ததும் ஷிஜோ கதவத் தொறந்து, "டீச்சரே, நியமம் ஆணல்லோ"ங்கறான், ரூலாச்சேன்னு அவன் மலையாளத்துல. எவ்வளவு மரியாதையா எறக்கறான் பாரு! பைக்காரா போயிட்டு வர்றப்ப ஏத்திக்குவாங்களாம். நான் பேசுனாத்தான் மிருகம் வர்றதில்லையாம். இத்தனை வருஷமா அவிய மனசுல அதுதான் இருந்திருக்குது!

இதுல கொடுமை என்னன்னா... இது என்ற கடைசி ரவுண்டு. அடுத்த வாரம் என்ற பையன் வந்து சென்னைக்குக் கூட்டிட்டுப் போறான். தனியா இருக்கக் கூடாதாம். அடுக்குமாடி ஊடு, மூணாவது மாடி. ஜன்னலத் தொறந்தா என்னடா தெரியும்னு கேட்டேன். பொறா வரும்மாங்கறான். பொறாவ நான் பாத்தாச்சு.

என்ன... கைய எதுக்குத் தூக்கறே? எறக்கு. சந்தேகம் எல்லாம் கடைசில. எங்க உட்டேன்? ஆங், பொறா.

அட, இந்தக் கருங்குரங்குக்கு என்ன வந்துச்சு இன்னைக்கு? ஹூப்பு ஹூப்புன்னு ஒரேயடியாக் கத்திக்கிட்டு! மனுசன் நாலு வார்த்தை பேச உடமாட்டேங்குது. இப்படித்தான் அம்மிணி, யாருக்கும் அடுத்தவங்க பேசறதக் கேக்கற பொறுமையே இல்லை. கேக்கறதுன்னு ஒரு பழக்கம் இருக்குது பாரு, அது போயே போச்சு.

என்ன முணுமுணுக்கறே? சத்தமாச் சொல்லு, கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கோணும். வாய்ல வெரல வெச்சா எப்படிக் கேக்கும்? கண்ணு வேற இப்படி முழிக்குது... ராத்திரி தூங்கலையா? போன எதுக்கு எடுக்கறே? போட்டோவா? என்னையவா? இதுக்குத்தான் கையத் தூக்குனியா! அட, எடுத்துக்கோ, அதுக்கென்ன. குல்லாவக் கழட்டட்டா? வேண்டாமா, அசையக் கூடாதா, சரி. அசையாம எப்படிப் பேசறது? நான் பேசிட்டே இருக்கேன், நீ எடு. எதுக்கு இப்படிக் குறுகி உக்காந்திருக்கே? நடுவட்டத்துக் குளிருக்கு ஸ்வெட்டர் போடாம வர்றதா? இந்தக் காலத்துப் புள்ளைங்க ஸ்டைலப் பாக்குதுங்க, சளியப் பாக்கறதில்லை. இந்துமதியும் இப்படித்தான்... அந்தப் புள்ளைக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னித் தரலாம்னு நூல் கூட வாங்குனேன். அழுததுக்காக இல்லை. சும்மா.

அப்பாடா, குரங்கு நிறுத்திருச்சு.

என்ன, நீயும் பெருமூச்சு உடறே? போயிருச்சா? எது போயிருச்சு, பஸ்ஸா? நான் இன்னும் முடிக்கவே இல்லையே... பின்னாடியா? ஒண்ணும் இல்லையே. ரோடு, தேயில, பாறை. ஒண்ணும் இல்லை அம்மிணி. சரி, காட்டு. இரு, கண்ணாடி போட்டுக்கறேன்.

ம்... நானு. குல்லாவோட. வாயத் தொறந்துட்டு. கை ரெண்டையும் விரிச்சுட்டு... இது ஒரு போட்டோன்னு எடுத்தியே. பின்னாடி ரோடு. தேயில. பாறை. பாறை மேல...

பெருசாக்கு.

இன்னும்.

வாலு...

எப்ப வந்துச்சு? பொறா சொல்றப்பயா? அப்ப இருந்தா? படுத்துட்டு இருந்துச்சா... என்னையப் பாத்துட்டா? என்னையவா? ஓடலையா? நான் இத்தனை பேசியும் ஓடலையா? பாத்துக்கோ! நான் பேசுனா மிருகம் வராதுன்னு எறக்கி உட்டாங்களே! வந்து படுத்துக் கேட்டிருக்குது அம்மிணி! இதை அனுப்பு. ஒடனே அனுப்பு, என்ற நம்பரு...

இரு. அனுப்பாத.

செல்லாது. போட்டோ செல்லாது. எனக்குச் செல்லும்னா அந்தப் புள்ளைக்கு மொதல்ல செல்லோணும். அது அழுதுட்டு நின்னப்ப நான் என்னென்ன சொன்னேன்...

நீ எப்படிப் பாத்தே? போன்லயா? மொதல்ல கண்ணாலயா? கண்ணால பாத்துட்டு அப்புறந்தான் போன எடுத்தியா. அப்ப உன்னுது செல்லும். கையக் குடு. மன்றம் சார்பா வாழ்த்துக்கள். ஒண்ணும் இல்லை, கண்ணுல பனி. நல்லாத்தான் இருக்கேன். பாக்கோணும்னு அவ்வளவு ஆசை எனக்கு, அவ்வளவுதான்.

எப்படி இருந்துச்சு அம்மிணி? முழுக்கக் கருப்பா, இல்லை வெயில்ல அந்தப் புள்ளி தெரியுமாமே, தெரிஞ்சுதா? எந்திரிச்சுப் போறப்ப தோளு ரெண்டும் மேலயும் கீழயும் அசையுமாம், அசைஞ்சுதா? கண்ணு என்ன கலரு? சத்தமில்லாமப் போச்சா? மஞ்சளா, பச்சையா? நான் ஒருத்தி... நீ சொல்லு. நான் பேசல. வாயே தொறக்கல. நீ சொல்லு.

அட, பஸ் இப்பத்தான் வரோணுமா! இரு, அடுத்த பஸ்ல போலாம்... வேலைக்கு நேரமாச்சா? கண்டக்டர் தம்பி, ஒரு நிமிஷம் விசில் ஊதாதீங்க, இந்தப் புள்ள எனக்கு ஒண்ணு சொல்லோணும்... ஏறிட்டியா? ஏறிட்டே... அம்மிணி! ஜன்னலத் தொற! ஜன்னலத் தொறந்து சொல்லு, கண்ணு என்ன கலரு? நான் கேக்கறேன்! அம்மிணி, நான் கேக்கறேன்!