ஒரு மைக், இரண்டு மூச்சு

– அந்த ‘டக்’கை எடுத்துடவா, பெரியம்மா?

– எந்த டக்?

– மூணாவது பாட்டுல. கிட்டார் கட்டையில ஏதோ இடிக்குது. இப்போ வரும், கேளுங்க... இதோ. இந்த ஒரு பாட்டுலயே நாலு இடம்.

– அதுல கை வைக்காதே.

– தனியாத் துருத்திக்கிட்டு நிக்குதே. இருபத்தெட்டு வருஷம் கழிச்சு இந்த ஆல்பம் மறுபடி வருது. சுத்தமா வரட்டுமே.

– வைக்காதேன்னா வைக்காதேடி. டேப் இரையுது பாரு, அதை எடு. வாசல்ல ஏதோ வண்டி போகுது, அதையும் எடு. டக் இருக்கட்டும்.

– சரி, சரி. எடுக்கறதும் லேசு இல்ல. குரலும் கிட்டாரும் ஒரே மைக்ல போயிருக்கு. அதைத் தொட்டா இது அடிபடும்.

– அந்த ஒரு மைக்கே இரவல். துணிக்கடை மாடியில சரக்கு ரூம். சுத்தி பேல் பேலாத் துணி. அதுதான் எங்களுக்கு ஸ்டூடியோ. கை தட்டினா சத்தம் அப்படியே துணிக்குள்ள போயிடும்.

– குரலைக் கொஞ்சம் தூக்கணும்னா என்ன செய்வீங்க?

– ஸ்டூலை நகர்த்துறதுதான். வாய்க்கும் கிட்டாருக்கும் நடுவுல மைக். குரல் கம்மியா இருந்தா ஸ்டூலை ஒரு சாண் முன்னால தள்ளு. கிட்டார் கத்தினா மைக்கைக் கொஞ்சம் மேலே பார்க்க வை. திருகுறதுக்குப் பொத்தானா இருந்துச்சு அங்க?

– இதைத்தான் ஊரே சொல்லிக்கிட்டு இருக்கு. நான் படிக்கும்போது எங்க வாத்தியார் இந்த ஆல்பத்தைப் போட்டு ஒரு மணி நேரம் பேசினார். கிட்டாரோட ஒரு தடவை பாடி, அப்புறம் ஹெட்போன்ல அதைக் கேட்டுக்கிட்டே அதே பாட்டை அதே மாதிரி இன்னொரு டிராக்ல பாடி, இரட்டைக் குரலா ஆக்கினாங்களாம். ஒருத்தியே இவ்வளவு ஒட்டிப் பாடினது அதிசயம்னார்.

– ம்.

– நான் எங்க பெரியம்மான்னு சொல்லலை. சொன்னா நம்ப மாட்டாங்க.

– நல்லவேளை.

– ஆனா ஒண்ணு கேட்கணும் உங்ககிட்ட. கோவிச்சுக்கக் கூடாது.

– பீடிகை எல்லாம் பலமா இருக்கே. கேளு.

– நேத்து ரெண்டாவது டிராக்கைத் தனியாப் போட்டுக் கேட்டேன். ‘ஆத்துத் தண்ணி வத்தினாலும் பாத்த கண்ணு வத்தவில்லை’. அது முழுசா ஒரே மூச்சுல போகுது.

– அதுக்கு?

– ஒண்ணாவது டிராக்ல போகலை. ‘ஆத்துத் தண்ணி’, ஒரு மூச்சு. ‘வத்தினாலும்’, இன்னொரு மூச்சு.

– கிட்டார் வாசிச்சுக்கிட்டே பாடினா மூச்சு வாங்காதா?

– வாங்கும். ஆனா பதினோரு பாட்டுலயும் இப்படியா? மெதுவாப் போற தாலாட்டுல கூடவா? பெரியம்மா, குரல் ஒட்டுது. அச்சு அசலா ஒட்டுது. மூச்சு ஒட்டலை. இது ஒரு ஆள் இல்ல.

– உனக்குப் பாம்புக் காதுதான்டி.

– அப்போ ரெண்டு பேரா?

– அந்தத் தண்ணி பாட்டிலை இப்படிக் குடு.

– பெரியம்மா.

– ரெண்டு பேர்தான். உங்கம்மாவும் நானும்.

– எங்கம்மாவா!

– எதுக்குக் கத்துறே? இந்த ரூம்ல சத்தம் வெளிய போகாதுன்னா?

– எங்கம்மா பாடியே நான் கேட்டதில்ல. ரேடியோவுல பாட்டு வந்தா அடுத்த ரூமுக்குப் போயிடுவாங்க. எனக்குத் தாலாட்டினது கூட அப்பாதான். அதுவும் அபஸ்வரமா. அம்மாவுக்குப் பாட்டே பிடிக்காதுன்னு நினைச்சேன்.

– பிடிக்காம இல்ல.

– நான் இந்த வேலைக்கு வந்தப்போ, ‘அடுத்தவங்க பாடுறதைக் கேட்கறதுக்கா படிச்சே’ன்னு கேட்டாங்க. ஒரு வாரம் அழுதேன் நான். இப்போ சொல்றீங்களே, இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?

– அவ சொல்லக் கூடாதுன்னுட்டா. எனக்கும் அது வசதியாப் போச்சு. ரெண்டும்தான்.

– ஏன் சொல்லக் கூடாதாம்?

– கேசட் கம்பெனிக்காரன் ஒரு முகம் போதும்னான். அட்டையில ஒரு படம், மேடையில ஒரு ஆள், ஊர் ஊராப் போகணும். நீ வயித்துல ஆறு மாசம். அவளால எங்க போக முடியும்? ‘நீயே போயிட்டு வாக்கா, உனக்குத்தான் பிக்கல் பிடுங்கல் இல்ல’ன்னா. போயிட்டு வர்றேன்னுதான் போனேன். அது அப்படியே நீண்டு போச்சு.

– நீங்க கூப்பிடவே இல்லையா, அடுத்த ஆல்பத்துக்காவது?

– கூப்பிட்டிருக்கணும். கூப்பிடலை. கைத்தட்டலை வாங்கிப் பழகிட்டேன்டி. அவ பேரைச் சொன்னா பாதி போயிடுமோன்னு பயம். இதை யார்கிட்டயும் நான் சொன்னதில்ல.

– இப்போ மட்டும் டேப்பை ஏன் என்கிட்டக் குடுத்தீங்க? வேற யார்கிட்டயாவது குடுத்திருந்தா இது வெளிய வந்தே இருக்காதே.

– உன் காதுல விழும்னு தெரியும். நானா வாயைத் திறக்கத் தைரியம் இல்ல. நீ கேட்டா சொல்லிடலாம்னு இருந்தேன்.

– அப்போ இன்னைக்கே சரி பண்ணுவோம். அட்டை நாலு மணிக்கு அச்சுக்குப் போகுது. இருங்க, கம்ப்யூட்டர்ல திறக்கறேன். முன்னாடி உங்க பேர். பாட்டு, கிட்டார்னு இருக்கு. அதுக்குக் கீழ ஒரு வரி சேர்க்கறேன். ‘துணைக்குரல்’னு போட்டு அம்மா பேர். போதுமா?

– எழுத்து பெரிசா இருக்கட்டும்.

– பெரிசாவே போடறேன். அம்மா இங்கதான் வர்றாங்க, என்னைக் கூட்டிட்டுப் போக. வந்ததும் காட்டிடலாம்.

– படிச்சுக் காட்டு.

– ‘பாட்டு, கிட்டார்’ நீங்க. ‘துணைக்குரல்’ அம்மா.

– மாத்திப் போட்டிருக்கே.

– எதை? எழுத்துப் பிழையா?

– துணைக்குரல்ல என் பேரைப் போடு.

– பெரியம்மா, பெருந்தன்மைக்கும் ஒரு அளவு இருக்கு. தப்பா அச்சடிக்க முடியாது.

– ஆறு மாச வயிறு. மாடியில ஃபேனும் கிடையாது, ஃபேன் போட்டா மைக்ல விழும். அரை வரி பாடினா அவளுக்கு மூச்சு வாங்கிடும். நீ உள்ளேர்ந்து உதைச்சா நடுவுல நிறுத்திச் சிரிப்பா.

– இருங்க, இருங்க. மூச்சு வாங்குறது ஒண்ணாவது டிராக். ஒரே மூச்சுல போறதுதான் ரெண்டாவது.

– ஆமா.

– ஒண்ணாவதுல கிட்டார் இருக்கே. ஒரே மைக், ஒரே ஆள். கிட்டார் நீங்கதானே வாசிச்சீங்க?

– நான் ஹெட்போனை மாட்டிக்கிட்டு அவ பின்னாலயே பாடினேன். கிட்டாரை அதுக்கப்புறம் அவகிட்டதான் கத்துக்கிட்டேன்.

– அடுத்த ஆல்பத்துல கிட்டார் வேற மாதிரி இருக்கும். நீங்க பாணியை மாத்திட்டீங்கன்னு எழுதினாங்க.

– பாணியாவது ஒண்ணாவது. எனக்கு அவ்வளவுதான் வந்துச்சு.

– நம்பவே முடியலை. அம்மா ‘அதெல்லாம் இல்ல, அக்காதான் வாசிச்சா’ன்னு சொல்லிடுவாங்க. எப்படி நிரூபிப்பேன் நான்?

– அந்த டக்கைப் போட்டுக் காட்டு. நீ இருந்த வயித்தாலே கிட்டார் தள்ளித் தள்ளிப் போகும், அவ எட்டி வாசிக்கும்போது மோதிரம் கட்டையில இடிக்கும். என் கையைப் பாரு. நான் என்னைக்குடி மோதிரம் போட்டிருக்கேன்?