கருவேலங்காட்டில் காது வைத்த நாள்

ஓடுகிறோம். வெறுங்கால். காலுக்கடியில் கரிசல் மண். எதிரே வேலிக்கருவேலங்காடு. முன்னால் ஓடுகிறவள் திரும்பிப் பார்த்து வாயைத் திறக்கிறாள். கத்துகிறாள் போல. எனக்குக் கேட்கவில்லை. அவள் கை மட்டும் தெரிகிறது. வா, வா என்கிறது.

முதல் சத்தம் கேட்டது. டப். யாரோ மரக்கதவை ஓங்கிச் சாத்தியது போல. அவ்வளவுதான். இரண்டாவது சத்தம் எனக்குக் கேட்கவில்லை. பார்த்தேன். மணிமணியாக உருட்டிய வெடிமருந்தைக் காயப்போடும் இடத்துக்கு அடுத்த ஷெட்டின் கூரை மேலே போனது. நிதானமாகப் போனது. அதன் பிறகு செங்கல் மழை. அதற்கும் சத்தம் இல்லை.

என் பிடியில் மாரீஸ்வரியின் கை. அவளுக்கு எட்டாவது மாதம். ஓடக் கூடாது. ஓடுகிறாள். வாசல் பக்கம் புகை. கம்பெனியைச் சுற்றிப் போட்டிருக்கும் மண்கரையில் ஏறுகிறோம். இறங்கும்போது அவள் கால் சறுக்குகிறது. வயிறு அடிபட விழுகிறாள். இழுத்து எழுப்புகிறேன். மறுபடியும் ஓடுகிறோம். காட்டுக்குள் புகுந்த பிறகுதான் பாதத்தில் முள் ஏறியிருப்பதே தெரிகிறது. பட்டாசுக் கம்பெனியில் செருப்பு போடக் கூடாது. எல்லோர் செருப்பும் கேட்டில் கிடக்கிறது. என்னுடையதும்.

நான் அந்தக் கம்பெனியில் வேலை செய்கிறவள் அல்ல. கிராம சுகாதார செவிலியர். ஊரில் நர்சக்கா. வெம்பக்கோட்டைப் பக்கம் சில ஊர்கள் என் பொறுப்பு. யார் முழுகாமல் இருக்கிறாள், யாருக்கு ரத்தம் கம்மி, யாருக்குக் கால் வீங்குகிறது என்று பார்ப்பது என் வேலை. பார்க்க வேண்டுமென்றால் ஆள் ஊரில் இருக்க வேண்டும். சீசன் நேரத்தில் இருக்க மாட்டார்கள். கம்பெனி வேன் விடியுமுன் வந்து அள்ளிக்கொண்டு போகும். இருட்டிய பிறகு கொண்டுவந்து தள்ளும். நான் துணை சுகாதார நிலையத்தின் பூட்டைத் திறந்து உட்கார்ந்திருக்கும் நேரத்தில் ஊரில் கோழிகள்தான் திரியும்.

மீட்டிங்கில் கேட்பார்கள். உங்கள் ஏரியாவில் ஏன் செக்கப்புக்கு ஆள் வருவதில்லை? விழிப்புணர்வு போதவில்லையா? எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோழி கூவுமுன் எழுந்து சோறாக்கி, தூக்குவாளியில் போட்டுக்கொண்டு வேனுக்கு ஓடுகிறவளுக்கு என்ன விழிப்புணர்வு வேண்டும்? அவர்கள் வர முடியாவிட்டால் நான் போகிறேன் என்று கிளம்பினேன். போர்மேனிடம் நடையாய் நடந்து அனுமதி வாங்கினேன். செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம், கேட்டை ஒட்டிய வேப்பமரத்தடி. செல்போனை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட வேண்டும். அதுதான் நிபந்தனை.

அன்றும் செவ்வாய்க்கிழமைதான். புரட்டாசி மாதம். தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரிக்கிற நேரம்.

மரத்தடியில் மாரீஸ்வரியைப் படுக்க வைத்தேன். தலைப்பிரசவம். ரத்தக்கொதிப்பு போன வாரத்தைவிட ஏறியிருந்தது. கால் வீங்கியிருந்தது. கையில் வளையல் இல்லை. எட்டு மாதம் ஆகியும் வளைகாப்புப் போடவில்லை. காரணம் எனக்குத் தெரியும். கண்ணாடி வளையல் ஒன்று உடைந்து ஒரு சில்லு மருந்தில் கலந்தால் போதும், உரசலில் பிடித்துக்கொள்ளும். ஆகவே வளையல் போட்டவளை மருந்து ஷெட்டுக்குள் விட மாட்டார்கள். வளைகாப்பு வளையலைப் பிள்ளை பெறுமுன் கழற்றவும் கூடாது. சீசனில் ஒரு ஆள் வேலை போய்விடும். எனவே வளைகாப்பையே தீபாவளிக்கு அப்புறம் என்று தள்ளிவிட்டார்கள். தள்ளியது மாமியார் குருவம்மாள். அவரும் அதே ஷெட்டில்தான் வேலை.

"வளையலாச்சும் போட்டு விட்டிருந்தீகன்னா இவ வீட்ல இருந்திருப்பா. இந்தப் பிரசர வச்சுக்கிட்டு மருந்துக்குள்ள உக்காரலாமா?" என்று குருவம்மாளைக் கேட்டேன்.

"வளையல் வாங்கி பெட்டியில வச்சிருக்கேன் நர்சம்மா. ரெண்டு டஜன். பச்சையும் செவப்பும். தீவாளி கழியட்டும். ஊரையே கூட்டிப் போடுதேன்."

"அதுக்குள்ள இவளுக்கு ஃபிட்ஸ் வந்தா?"

"நல்ல வாக்கு சொல்லுங்க தாயி. இன்னும் கொஞ்ச நாள்தான."

போர்மேனிடமும் சொன்னேன். கர்ப்பிணியை மருந்து ஷெட்டில் வைக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். நாளையிலிருந்து லேபிள் ஒட்டும் பக்கம் மாற்றிவிடுகிறேன் என்றார். போன செவ்வாயும் அதையேதான் சொன்னார்.

டாப்ளர் மெஷினை வயிற்றில் வைத்தேன். பிள்ளையின் நெஞ்சுச் சத்தம் வந்தது. நல்ல சத்தம். தெளிவு. பெண்கள் தூக்குவாளியை மூடிவிட்டுச் சுற்றி வந்து நின்றார்கள். செல்வி என்று ஒருத்தி, மாரீஸ்வரிக்குக் கூட்டாளி, வாயாடி. "எம்புட்டு வேகம்? இது நம்ம போர்மேனு பிள்ளையால்ல இருக்கும், இப்பமே வெரட்டுதே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். குருவம்மாள் அடிக்கக் கை ஓங்கினார். அவரும் சிரித்தார்.

மணி அடித்தது. சாப்பாட்டு நேரம் முடிந்தது.

"நீ காட்டிட்டு மெல்ல வா. நான் போயி உன் வேலையும் சேத்துத் தொடங்குதேன்" என்றார் குருவம்மாள் மருமகளிடம். போனார். மற்றவர்களும் போனார்கள். செல்வி மட்டும் மாரீஸ்வரிக்குக் கை கொடுக்க நின்றாள்.

மாரீஸ்வரி எழுந்திருக்கவில்லை. "அக்கா, இன்னொரு தடவ வைங்கக்கா. கேட்டுட்டுப் போறேன்" என்றாள்.

வைத்தேன். அந்தச் சத்தத்தைத்தான் மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். அந்தப் பிள்ளைதான் அவளை மரத்தடியில் நிறுத்தி வைத்தது. இதை நான் எழுதியே ஆக வேண்டும். பிள்ளை தாயைக் காப்பாற்றியது.

அப்புறம் அந்த மரக்கதவுச் சத்தம்.

"நர்சக்கா, ஓடுங்க. அடுத்த ஷெட்டும் போவப்போவுது. ஓடுங்க." செல்வியின் குரல். எனக்கு முழுதாகக் கேட்ட கடைசி மனிதக் குரல் அதுதான்.

கருவேலங்காட்டுக்குள் இருக்கிறோம். மூன்று பேர். மாரீஸ்வரி உட்கார முடியாமல் சாய்கிறாள். சேலை நனைந்திருக்கிறது. பனிக்குடம் என்று நினைத்துக் கையை வைக்கிறேன். ரத்தம். வயிற்றைத் தொடுகிறேன். கல். சுருங்கி விரிகிற வயிறு அல்ல, விடாமல் இறுகிய வயிறு. எனக்குப் புரிந்துவிட்டது. விழுந்ததில் நஞ்சுக்கொடி கர்ப்பப்பையிலிருந்து பிரிகிறது. பிள்ளைக்கு மூச்சு அதன் வழியாகத்தான். இனி நேரம்தான் எல்லாம். கத்தி வைக்கிற இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

டாப்ளர் ஓடும்போது எங்கோ விழுந்துவிட்டது. பையில் பழைய அலுமினியக் கூம்பு கிடந்தது. மெஷின் வருமுன் நாங்கள் எல்லோரும் அதை வைத்துத்தான் கேட்போம். கூம்பை வயிற்றில் வைத்து என் காதை வைத்தேன்.

ஒன்றுமில்லை.

இடம் மாற்றி வைத்தேன். ஒன்றுமில்லை. என் காதருகே விரலைச் சொடுக்கினேன். அதுவும் கேட்கவில்லை. என் காது செத்ததா, உள்ளே செத்ததா? தெரியவில்லை. இத்தனை வருடம் வேலை பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு கையாலாகாத நிலையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. செல்வியை இழுத்துக் கூம்பில் காதை வைக்கச் சொன்னேன். வைத்தாள். தலையை ஆட்டினாள். தன் காதைக் காட்டினாள். கையை விரித்தாள். அவளுக்கும் கேட்கவில்லை.

மாரீஸ்வரி என் முகத்தையே பார்க்கிறாள். கேள்வி கேட்கிறாள். உதடு அசைவது தெரிகிறது. என்ன கேள்வி என்று எவளுக்குத் தெரியாது? நான் தலையசைத்தேன். இருக்கிறது என்று. கேட்காமலே சொன்னேன். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

இடது பக்கம் சாய்த்துப் படுக்க வைத்தேன். செல்வியின் முந்தானையைக் கிழித்து மடித்து ரத்தத்துக்கு அண்டை கொடுத்தேன். வேறு என்ன செய்ய? ஊசி இல்லை. சலைன் இல்லை. போன் வாட்ச்மேன் அறையில். வாட்ச்மேன் அறை புகைக்குள்.

ஒற்றையடிப் பாதையில் ஒரு குட்டி யானை வந்தது. அட்டைப்பெட்டி லோடு இறக்க வந்த சின்ன லாரி. வெடித்தபோது தூரத்து ரோட்டில் வந்துகொண்டிருந்திருக்கிறது. ஓட்டியவர் சாத்தூர் பாய். கேட்டுப் பக்கம் தீ, அதனால் காட்டு வழியே சுற்றி வந்திருக்கிறார். நடுவழியில் போய் நின்றேன். நிறுத்தினார். பெட்டிகளைக் கீழே தள்ளினார். மாரீஸ்வரியைத் தூக்கிப் போட்டோம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர் வெளியிலிருந்து வருகிறார். இவருக்குக் காது இருக்கிறது.

அவர் தோளைப் பிடித்து அமுக்கிக் கூம்பில் காதை வைக்கச் சொன்னேன். கூச்சப்பட்டார். வேற்றுப் பெண்ணின் வயிறு. நான் கத்தியிருக்க வேண்டும். அவர் குனிந்து காதை வைத்தார். கண்ணை மூடினார். நிமிர்ந்து ஏதோ சொன்னார். நீளமாகச் சொன்னார். எனக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. அவர் முகத்தில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. பயம் மட்டும் இருந்தது. எதைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. அவர் சொல்வது எனக்குக் கேட்காது. வண்டியை எடுக்கச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

ரோடு. எதிரே தீயணைப்பு வண்டி. ஓரம் கட்டுகிறோம். ஆம்புலன்ஸ். ஓரம் கட்டுகிறோம். இன்னொரு ஆம்புலன்ஸ். போலீஸ் ஜீப். தண்ணீர் லாரி. எல்லோரும் காப்பாற்றத்தான் போகிறார்கள். யாரைக் குறை சொல்ல? ஒவ்வொரு முறை ஓரம் கட்டும்போதும் அவள் வயிறு என் கைக்கடியில் கல்லாக இருக்கிறது. நான் கூம்பை வைக்கிறேன். எடுக்கிறேன். வைக்கிறேன்.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர்கள் வரிசையாக நின்றன. வெடி விபத்து என்றதும் தீக்காயத்துக்குத் தயாராக நிற்கிறார்கள். மாரீஸ்வரி உடம்பில் ஒரு தீக்காயம்கூட இல்லை. அவளை ஓரமாக விடச் சொன்னார்கள் என்று நினைக்கிறேன். நான் சேலையை விலக்கி ரத்தத்தைக் காட்டினேன். ஒரு டாக்டரம்மா ஓடி வந்தார். வயிற்றைத் தொட்டார். தன் காதைத் தொட்டு, வயிற்றைக் காட்டி, என்னைப் பார்த்தார். துடிப்பு இருக்கிறதா?

தலையசைத்தேன். உள்ளே கொண்டுபோனார்கள்.

திரும்பி வந்தபோது டாக்டரம்மா என் தோளில் கையை வைத்தார். அதைப் புரிந்துகொள்ளக் காது வேண்டியதில்லை.

ஐப்பசி போய், கார்த்திகையில் என் இடது காது கொஞ்சம் திரும்பியது. சாத்தூருக்குப் போய் அந்த பாயைப் பார்த்தேன். அன்றைக்கு என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"கேட்டுச்சும்மா. நல்லாக் கேட்டுச்சு. எங்க வீட்டம்மா தையல் மிஷின மிதிச்சா ஒரு சத்தம் வருமே, அதே கணக்கா. ஆனா அப்பப்ப நின்னு நின்னு வருதுன்னு சொன்னேன். நீங்க வண்டிய எடுக்கச் சொல்லிட்டீக."

அதாவது கருவேலங்காட்டில் அந்தப் பிள்ளை உயிரோடு இருந்தது. ரோட்டில் நாங்கள் ஓரம் கட்டி நின்றபோது எங்கோ ஓரிடத்தில் உயிர் போயிற்று. அதன் நெஞ்சுச் சத்தத்தைக் கடைசியாகக் கேட்டவர் பாய். அது என்ன என்று தெரியாமலே கேட்டார்.

மாரீஸ்வரியிடம் சொன்னேன். மறைக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் அழவில்லை. "நின்னு நின்னு வந்துச்சா" என்று மட்டும் கேட்டாள். அப்புறம் உள்ளே போய் மாமியாரின் பெட்டியை எடுத்து வந்தாள். மூடியைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானும் உட்கார்ந்திருந்தேன்.

செத்தவர்களின் பெயர்களைப் போர்டில் எழுதி வைத்தார்கள். அந்தப் பிள்ளை அதில் இல்லை. விசாரிக்கப் போனேன். பிறந்த பிறகு செத்தால்தான் சாவு என்று விளக்கினார் ஒருவர். மரியாதையாகத்தான் சொன்னார். பிறக்கவில்லை, ஆகவே சாகவில்லை. மீட்டிங்கில் தாய் இறப்பு எங்கள் ஏரியாவில் இல்லை என்று பாராட்டினார்கள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

ஆகவே என் கணக்கை நான் எழுதுகிறேன். அன்று என்னோடு பேசியவர்களின் கணக்கு மட்டும்.

குருவம்மாள். மருமகள் வேலையைத் தொடங்கப் போன இடத்தில். காதுத் தோட்டை வைத்துத்தான் அடையாளம் சொன்னார்கள்.

போர்மேன். ஆட்களை இழுத்து வெளியே தள்ளப் போனவர் திரும்பவில்லை. அவர்மேல் எனக்கிருந்த கோபத்தை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது? முதலாளி முகம் எனக்குத் தெரியாது.

செல்வியின் இரண்டு காதும். இப்போது அவள் பேசுவதில்லை.

என் வலது காது.

மாரீஸ்வரியின் கர்ப்பப்பை. ரத்தம் நிற்கவில்லை, எடுத்துவிட்டார்கள்.

ஒரு பெண் பிள்ளை. எட்டு மாதம். தலை நிறைய முடி. பெயர் வைக்கவில்லை. நான் துணியில் சுற்றி வாங்கினேன். கனமாக இருந்தது.

வளையல் இரண்டு டஜன். பச்சையும் சிவப்பும். ஒன்றுகூட உடையவில்லை.